மீன் திரும்பும் அகலம்

"ஆறடி" என்று சொல்லக் குணவதிக்கு வாய் வரவில்லை. கடைக்காரப் பெண் இரண்டு தடவை கேட்டுவிட்டாள், "இன்னா சைஸ்க்கா பாக்கறீங்க?" என்று. முதல் தடவை சிரித்துக்கொண்டே கேட்டாள், இரண்டாம் தடவை தோளில் கிடந்த ஈரத் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு. "கொஞ்சம் பெருசா" என்றாள் குணவதி. பெருசு என்றால் எது பெருசு, இங்கே எல்லாமே பெருசாகத்தான் இருந்தது. கொளத்தூர் மீன்கடைத் தெருவின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வாசல்வரை நெருக்கியடித்தது. கால் வைத்த இடமெல்லாம் தண்ணீர், தலைக்கு மேலே வரிசையாகத் தொங்கும் பாலிதீன் பைகளில் விரல் நீள மீன்கள், எங்கேயோ சிலிண்டரிலிருந்து காற்று சீறிக்கொண்டே இருந்தது. "இன்னா மீன் வச்சிருக்கீங்க?" என்றாள் கடைக்காரப் பெண். ஷம்ஷாத் என்று யாரோ உள்ளேயிருந்து கூப்பிட்டதில் பெயர் தெரிந்தது. "ஆஸ்கார். ரெண்டு." "எம்மாம் பெருசு ஆயிருக்கு?" குணவதி தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள், பிறகு அது போதாதென்று இன்னொரு கையைப் பக்கத்தில் வைத்தாள், தொட்டி ரெண்டடி என்றாள். "ரெண்டடித் தொட்டில கெடக்குதா? ஐயோ அக்கா. அதுங்க சிக்லிட் ஜாதி, இன்னும் வளரும், ஒரு முழத்துக்கு வந்து நிக்கும். தொட்டிக்கு ஏத்தாப்ல மீன் நின்னுக்கும்னு யாராச்சும் சொல்லியிருப்பாங்க, நம்பாதீங்க. நிக்காது. கோணிக்கினு வளரும். நீளம் அப்பறம், மொதல்ல அகலம் பாக்கணும். மீன் ஒடம்பை மடக்காம திரும்பணும் இல்ல?" குணவதி தலையாட்டினாள். திரும்ப வேண்டும். வீட்டில் அவை இரண்டும் திரும்புவதை அவள் பார்த்திருக்கிறாள். மூக்கு ஒரு கண்ணாடியில் இடிக்க, வால் எதிர்க் கண்ணாடியில் உரச, நடுவில் உடம்பு வில்லாக வளைந்து, மாட்டிக்கொண்டதுபோல ஒரு கணம் நின்று, பிறகு உதறிக்கொண்டு திரும்பும். ஒவ்வொரு தடவையும் அந்த ஒரு கணத்தில் அவள் மூச்சும் நிற்கும். பக்கத்தில் வீல்சேரில் அவள் புருஷன் தணிகைவேல் அதையே பார்த்துக்கொண்டிருப்பார், கழுத்தைத் திருப்ப முடியாமல், கண்ணை மட்டும் திருப்பி.

வாங்கி வந்தபோது இரண்டும் பழைய ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத்தான் இருந்தன. கறுப்பில் வெள்ளை வரி. தணிகைவேல் டூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடே வந்து, பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, "தண்ணி சூடு பழகட்டும், ஒடனே தொறந்துடக் கூடாது" என்று பிள்ளைத்தாச்சியை வீட்டுக்குக் கூட்டி வந்தவர் மாதிரி அலட்டிக்கொண்டார். அன்றைக்கு அவர் கை நன்றாகத்தான் இருந்ததா? இதை எத்தனை முறை யோசித்தாயிற்று. பையின் முடிச்சை அவிழ்க்க வரவில்லை அவருக்கு, பல்லால் கடித்து அவிழ்த்தார். ரப்பர் பேண்டை நாலு சுற்றுச் சுற்றியிருந்தான் கடைக்காரன், யாருக்குமே அவிழ்க்க வராதுதான். ஆனால் பல்லால் கடித்தார். பஸ்ஸின் பெரிய ஸ்டியரிங்கை ஒரே உள்ளங்கையால் வளைத்து ஓட்டிய மனுஷன். பெரம்பூர் வளைவில் அவர் வண்டியை ஒடிப்பதைப் பார்க்கவே கல்யாணமான புதிதில் முன் சீட்டில் உட்கார்ந்து போயிருக்கிறாள். அப்புறம் சட்டைப் பொத்தான், அப்புறம் டீ தம்ளர், அப்புறம் கியர். கியர் விழவில்லை என்று வண்டியைக் குறை சொன்னார், டெப்போவில் சண்டை போட்டார். வண்டி சரியாகத்தான் இருந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற சதை வற்றிக் குழி விழுந்தது, அங்கே தண்ணீர் ஊற்றினால் நிற்கும் போலிருந்தது. மீன்கள் வளர்ந்தன. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. வரி மாறிச் சிவப்புப் பூத்து, முதுகு தடித்து, வாய் அகன்று, மாதத்துக்கு ஒரு விரல்கட்டை வளர்ந்தன. இவர் தோளிலிருந்தும் தொடையிலிருந்தும் சதை கரைந்தபடி இருந்தது. ஒருநாள் துணி துவைக்கும்போது அவளுக்குத் தோன்றிவிட்டது, இங்கிருந்து போவது அங்கேதான் போகிறது என்று. பைத்தியக்கார நினைப்பு. தோன்றிய பிறகு போகவில்லை. மீனுக்கு இரை போடும்போதெல்லாம் பெரியதன் பிடரியைப் பார்ப்பாள், அது அவருடைய பிடரி மாதிரி இருக்கும். அவர் கையைக் கண்டால் ரெண்டும் மேலே வந்து வாயைத் திறந்து நிற்கும். இப்போது கை எழும்புவதில்லை என்பதால் அவள்தான் ஸ்பூனில் போடுகிறாள். அவளைக் கண்டால் பின்னால் போய் மூலையில் நின்றுகொள்கின்றன. ஸ்பூனை எடுத்த பிறகுதான் வந்து தின்கின்றன.

"நீங்க உள்ள வந்து பாருங்கக்கா, அப்பத்தான் ஐடியா வரும்" என்று ஷம்ஷாத் முன்னால் நடந்தாள். நடைபாதை மாதிரி ஒடுங்கிய இடம், ரெண்டு பக்கமும் தொட்டிகள். மூணடி, நாலடி. நாலடியிலேயே ஒல்லியானது ஒன்று, அகலமானது ஒன்று. குணவதி பதினெட்டு வருஷமாகப் பார்சல் ஆபீஸில் வேலை பார்ப்பவள். பெட்டியைப் பார்த்தாலே நீளம் அகலம் உயரம் மனசுக்குள் பெருக்கிக்கொண்டு ஓடும், லாரியில் எந்த மூலையில் எதற்கு மேல் இதை ஏற்றலாம் என்பது வரைக்கும் ஓடும். இன்றைக்கு ஒன்றும் ஓடவில்லை. கோடியில் சுவரோரமாக ஆறடித் தொட்டி இருந்தது. தண்ணீர் இல்லை, மீன் இல்லை. சுத்தமான, தடித்த கண்ணாடி, இரும்புக் காலின் மேல் இடுப்பு உயரத்தில். கண்ணாடிக்குள்ளே எதிர்ச் சுவரின் பச்சை பெயின்ட் தெரிந்தது. பார்க்காதே என்று நினைத்ததற்குள் பார்த்துவிட்டாள். மாமனார் போனபோது கூடத்தில் கொண்டுவந்து இறக்கினார்களே ஐஸ் பெட்டி, அதுவும் இதே நீளம், இதே உயரம், அதற்கும் இப்படித்தான் கால். பிளக்கை எங்கே போடுவது என்று ரெண்டு ஆட்கள் கேட்டுக்கொண்டு நின்றார்கள், டிவி ஒயரைப் பிடுங்கிவிட்டுத்தான் போட்டார்கள். மோட்டார் ராத்திரி பகல் உறுமியது. பெட்டியின் மேல்மூடியில் ஆவி படிந்து முகம் மறைந்துபோக, வருகிற ஒவ்வொருவரும் துண்டால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்கள். யாரோ ஒரு குழந்தை கண்ணாடியில் விரலால் தட்டியது, உள்ளே ஏதாவது திரும்பிப் பார்க்கும் என்பதுபோல. தட்டாதே, தட்டாதே என்று அதன் அம்மா கையைப் பிடித்தாள். மீன் தொட்டியிலும் அப்படித்தான் சொல்லுவார்கள், தட்டக் கூடாது, மீனுக்கு அதிர்ச்சி. ஆறடி. மனுஷனுக்குக் கடைசியில் இவ்வளவுதான் என்று பேச்சுக்குப் பேச்சு எல்லாரும் சொல்லுகிற அளவு. அதை எப்படித் தணிகைவேல் தன் வாயாலேயே கேட்கிறார்? மூணு நாளாக ஆறடி, ஆறடி என்று நச்சரிப்பு. அவர் நாக்கு தடித்துப்போய் எழுத்துக்கள் குழைய ஆரம்பித்த பிறகு மற்றவர்களுக்கு ரெண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது, அவளுக்கு ஒரு தடவையே போதும், அதுவும் இந்தச் சொல் மட்டும் குழையாமல் கணீரென்று வருகிறது. கூடத்தில், அவர் நாற்காலிக்கு எதிரே, பழைய டிவி இருந்த இடத்தில். அதே இடம். அதே பிளக்.

"எத்தினி வருஷம் இருக்கும், இந்த மீன்?" என்று அவள் கேட்டாள், கேட்க வேண்டும் என்று நினைக்காமலே. ஷம்ஷாத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. "நல்லா பாத்துக்கினா பத்து வருஷம், அதுக்கு மேலயும் இருக்கும்க்கா. நம்ம கஸ்டமர் ஒர்த்தர்து பன்னண்டு வருஷம். நாய் மாதிரி, ஆளை அடையாளம் தெரிஞ்சிக்கும். ஓனர் ஊருக்குப் போனா சாப்டாது." பத்து வருஷம். ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் சொன்ன கணக்கு வேறு. அந்தப் பெண் டாக்டர் ரொம்பச் சின்ன வயசு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, குணவதியின் முகத்தைப் பார்க்காமல் அவள் தோள்பையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். நரம்பு செத்துக்கொண்டே வருகிறது, மருந்து தள்ளிப்போடும், நிறுத்தாது, விழுங்குவது கஷ்டமாகும், பிறகு மூச்சு. ரெண்டு வருஷம், சில பேருக்கு மூணு. அதில் எவ்வளவு ஏற்கெனவே கழிந்துவிட்டது என்று கேட்கவில்லை இவள். உள்ளே அவர் படுக்கையில் உட்கார்ந்து காலால் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். "என்ன சொன்னாங்க?" "ஒண்ணுமில்ல, விட்டமின் கம்மியாம், நாளாகுமாம்." அதோடு சரி. அன்றிலிருந்து டாக்டர் சொன்ன வார்த்தை அவள் வயிற்றில் கல்லாகக் கிடக்கிறது, அவருக்குத் தெரியாது, தெரியாமல்தான் ஆறடி கேட்கிறார், பத்து வருஷத்துக்குத் தொட்டி வாங்கச் சொல்கிறார். சரி, மூணடி வாங்கினால்? ஒன்றரை அகலம், மீன் கஷ்டப்பட்டுத் திரும்பும், ஒரு வருஷம் ஒன்றரை வருஷம் ஓடும். ஆனால் கூடத்தில் அது வந்து இறங்கிய நிமிஷத்தில் அவர் கண் அதை அளக்கும். முப்பது வருஷம் பஸ்ஸைச் சந்துக்குள் நுழைத்து எடுத்த கண். மூணடியா என்று பார்க்கும். ஓ, அவ்வளவுதானா என்று பார்க்கும். வாயால் சொல்லாமல் காத்துவைத்ததைக் கண்ணாடியில் எழுதி வீட்டுக்கு அனுப்பியதாகிவிடும். ஆறடி வாங்கினால் பொய். அந்தப் பொய்யை நாற்காலிக்கு எதிரே வைத்து, லைட் போட்டு, அதற்குள் மீனை விட்டு, தினமும் அவரை அதைப் பார்க்கவைக்க வேண்டும். அப்புறம் ஒருநாள் நாற்காலி காலியாகும், தொட்டி இருக்கும், மீன் இன்னும் வளரும். போன வாரம் சின்னதன் நெற்றியில் ஊசி குத்தினாற்போல ரெண்டு குழி விழுந்திருந்ததைப் பார்த்தாள். தண்ணீர் கெட்டால் அப்படி வருமாம். பார்த்தவுடனே நெஞ்சு லேசானது அவளுக்கு. அப்பாடா, இது போய்விடும், ஒருவேளை ரெண்டும் போய்விடும், தொட்டியே வாங்க வேண்டியதில்லை. அந்த லேசுதான் அவளைப் பயமுறுத்தியது. அடுத்த நினைப்பு எங்கே போய் நிற்கும் என்று தெரிந்ததால் ஓடிப்போய் பாதித் தண்ணீரை மாற்றினாள், பக்கெட் பக்கெட்டாக, முதுகு விட்டுப்போகும் வரைக்கும்.

போன் அடித்தது. வீட்டிலிருந்து. நாத்தனார் பவானி, ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அண்ணனோடு இருப்பவள், "அண்ணி, அண்ணன் பேசணுமாம், ஸ்பீக்கர்ல போடறேன்" என்றாள். குணவதி ஒரு விரலால் மற்றக் காதை அடைத்துக்கொண்டு ஆறடித் தொட்டிக்கு முதுகைக் காட்டி நின்றாள். முதலில் மூச்சு கேட்டது, பிறகு குரல்.

"பாத்துட்டியா?"

"பாத்துக்கிட்டே இருக்கேங்க."

"ஆறடி இருக்கா?"

"இருக்கு."

"அப்ப சொல்லிடு."

"சரிங்க."

வீட்டுத் தொட்டியின் மோட்டார் சத்தம் மட்டும் போனுக்குள் கொரகொரத்தது.

"சரியா?" என்றார் அவர். "குணா, ஆறடியைக் கூடத்துல வச்சா வீல்சேர் எப்படித் திரும்பும்? யோசிச்சியா?"

யோசிக்கவில்லை. பெட்டியைப் பார்த்தாலே கணக்குப் போடுகிறவள் அதை யோசிக்கவில்லை. "நீங்க கேட்டீங்களேன்னு..."

"நான் எது கேட்டாலும் சரிம்ப. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த நாள்லேர்ந்து பாக்கறேன். பத்தொம்பது வருஷத்துல ஒரு வாட்டி நீ சரின்னு சொன்னதில்ல. நான் வடக்குன்னா நீ தெக்கு. அன்னிக்கு வந்து விட்டமினுன்ன. சாயங்காலம் டீ கேட்டேன். நாலாவது டீ. ஒண்ணும் சொல்லாமப் போட்டுக் குடுத்த பாரு." அவர் மூச்சு வாங்கினார். "அப்பவே தெரிஞ்சிடுச்சி எனக்கு."

தெரியும். அன்றைக்கே தெரியும். அப்படியானால் இத்தனை மாதம் இவள் முகத்தைக் கழுவிக் கழுவிக்கொண்டு வந்து நின்றதெல்லாம்? குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுததெல்லாம்? அவர் அந்தப் பக்கம் உட்கார்ந்து குழாய்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார், கேட்காத மாதிரி மீனைப் பார்த்துக்கொண்டு. வயிற்றிலிருந்த கல் நகரவில்லை. ஆனால் அதன்மேல் இன்னொருவர் கையும் இத்தனை நாளாக இருந்திருக்கிறது. அது ஆறுதலாக இல்லை, அசிங்கமாக இருந்தது, திருடும்போது பிடிபட்டதுபோல உடம்பெல்லாம் சூடேறியது, சூடு நேரே நாக்குக்கு வந்தது. "அப்ப எதுக்கு மூணு நாளா ஆறடி ஆறடின்னு என் உயிரை வாங்கினீங்க?" என்று கத்தினாள். நடைபாதையில் நின்றவர்கள் திரும்பினார்கள். "நீ வேணாம்னு சொல்றியான்னு பாத்தேன்." "வேணாம்! ஆறடி வேணாம். அந்தப் பேச்சே என் வீட்டுல வேணாம். எனக்கு இந்த மீனுங்களே வேணாம். நீங்க போனப்பறம் இதுங்க மூஞ்சியைப் பாத்துக்கினு நான் ஒக்காந்திருக்கணுமா?" சொல்லிவிட்டாள். நீங்க போனப்பறம். வார்த்தை வெளியே வந்து மீன்கடையின் ஈரக் காற்றில் நின்றது, எல்லாரும் கேட்டார்கள். போனின் அந்தப் பக்கம் ஒரு சத்தம், முதலில் அவளுக்குப் புரியவில்லை, பிறகு புரிந்தது, சிரிக்கிறார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு சிரிக்கிறார், தொண்டையிலிருந்து, பழைய சிரிப்பு. அந்தச் சிரிப்பு பாதியில் எங்கேயோ சிக்கியது. எச்சில். எச்சில் குறுக்கே போய்விட்டது. "அண்ணா! அண்ணா!" என்று பவானியின் குரல், நாற்காலி இழுபடும் சத்தம், முதுகில் தட்டும் சத்தம், அதற்கெல்லாம் அடியில் காற்று உள்ளே போக வழி தேடுகிற மெல்லிய விசில். "முன்னால சாய்ச்சுப் புடி! தண்ணி குடுக்காத! தலையைக் குனியவை பவானி, குனியவை!" குணவதி எவ்வளவு சத்தம் போட்டாள் என்று அவளுக்கே தெரியாது. இதுதானா, இங்கேயா, இப்படியா, கொளத்தூரில் ஒரு தெருவில் நின்றுகொண்டு, கையில் போனோடு, சிரிக்கவைத்தா நான் இவரை... ஒவ்வொரு தொட்டியிலும் வாய்கள் திறந்து மூடிக்கொண்டிருந்தன. ஷம்ஷாத் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், எப்போது பிடித்தாள் என்று தெரியவில்லை. பிறகு ஒரு பெரிய இருமல். இன்னொன்று. நீண்ட, கரகரத்த, உள்ளே போகிற மூச்சு.

"இருக்கேன்" என்றார் தணிகைவேல். வெகுநேரம் கழித்து, ஒவ்வொரு சொல்லாக: "பயந்துட்டியா? கேளு. எனக்குன்னு பாத்து வாங்காத. மூணு வருஷமோ முப்பது நாளோ, நான் எதுலயும் பாத்துப்பேன். தண்ணி மாத்தப் போறது நீ. இல்ல, மீனுங்க வேணாம்னா கடையிலயே திருப்பி எடுத்துப்பாங்க, கேட்டு வச்சிக்க. குடுத்துடு. ஆனா எனக்கு அப்பறம் குடு. இப்ப குடுக்காத." அவள் "சரி" என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல், "நான் என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியும், நீங்க பேசாதீங்க, பேசினா மறுபடியும் பொறையேறும்" என்றாள். "அது" என்றார் அவர். பவானி போனை எடுத்து ஏதோ சொல்ல ஆரம்பித்தாள், அழுதுகொண்டிருந்தாள், குணவதி வைத்துவிட்டாள்.

ஷம்ஷாத் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள், தண்ணீர் பாட்டில் கொடுத்தாள், என்ன ஏதென்று கேட்கவில்லை. "மீனுங்க வேணாம்னா நாங்களே எடுத்துக்குவோம்க்கா, பெரிய மீன் போணியாகும், அதப் பத்திக் கவலைப்படாதீங்க" என்று மட்டும் தரையைப் பார்த்துச் சொன்னாள். குணவதி தண்ணீர் குடித்தாள். தொண்டை வழியாக அது எந்தத் தடையும் இல்லாமல் இறங்கியது. விழுங்குவது இவ்வளவு சுலபம், ஒரு முயற்சியும் இல்லாமல் உடம்பு தானாகச் செய்துவிடுகிறது, அவருக்கு ஒவ்வொரு மடக்கும் இனிமேல் போனில் கேட்டதுபோலத்தான். பாட்டிலை மூடிக் கொடுத்துவிட்டு எழுந்தாள். நாலடி நீளம், ரெண்டடி அகலம், ரெண்டடி உயரம் உள்ள தொட்டி ஒன்றில் தண்ணீர் நிறைந்திருந்தது. "உள்ள கை விட்டுப் பாக்கலாமா? கழுவறப்ப அடி எட்டணும்." "விடுங்கக்கா." வளையல்களைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். ஸ்டூல் மேல் ஏறி நின்று கையை இறக்கினாள். மணிக்கட்டு, முழங்கை, ஜாக்கெட் கை நனைந்து அக்குள் வரைக்கும் தண்ணீர் ஏறியது, கன்னம் தண்ணீரைத் தொட்டது, விரல் நுனிக்கும் அடிக் கல்லுக்கும் நடுவில் இன்னும் நாலு விரல்கடை கிடந்தது. முகத்தை முக்கினால்தான் எட்டும். வேண்டாம் என்று எடுத்தாள். பக்கத்திலிருந்தது ஒன்றரை அடி உயரம், அதே நீளம், அதே ரெண்டடி அகலம், உள்ளே கடையிலேயே வளர்ந்த பெரிய ஆஸ்கார் ஒன்று, முழங்கை நீளத்துக்கு. அது அகலவாக்கில் நின்றிருந்தது, எந்தக் கண்ணாடியிலும் உரசாமல் திரும்பி அவளைப் பார்த்தது. "இதுல விடலாமா? கடிக்குமா?" "கவ்வும்க்கா. உப்புத்தாள் மாதிரி இருக்கும், ரத்தம் வராது." குணவதி கையை விட்டாள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. விரல் கல்லைத் தொட்டது, ஒரு பிடி அள்ளினாள், விட்டாள், மூலைவரைக்கும் துழாவிப் பார்த்தாள், கண்ணாடியின் அடிவிளிம்பில் வழவழவென்று படிந்திருந்த பாசி நகத்தில் வந்தது. எட்டுகிறது. மீன் அவசரப்படாமல் நெருங்கியது. அவள் புறங்கையைச் சுற்றிவந்தது. வாயைத் திறந்து, அவள் சுட்டுவிரலை, அது இரை இல்லை என்று தெரிந்தும், கவ்விப் பார்த்தது. சொரசொரவென்று வலித்தது. அவள் கையை இழுக்கவில்லை. ஸ்டூலின் மேல் ஒருக்களித்து நின்றபடி, நனைந்த முந்தானையோடு, "நாலு நீளம், ரெண்டு அகலம், ஒண்ணரை ஒசரம்" என்றாள்.